ஃபுளோரைடு ஊருக்கு ஆர்.ஓ. வாங்கித் தரலாமா? பணம் கையில் இருக்கிறது, யோசனை சொல்லுங்கள்

தொப்பூரான் (ஓசூர்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டம். சுமார் 300 வீடு, 1,200 பேர். வேலைக்காக ஓசூர், திருப்பூர், பெங்களூரு என்று போன பையன்கள் சேர்ந்து ஊர்க் குடிதண்ணீருக்காக 4 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம்.

போர்த் தண்ணீரைப் பரிசோதித்ததில் ஃபுளோரைடு லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் வந்திருக்கிறது. இந்தியத் தர அளவு 1, வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் ஊருக்கு வருகிறது, ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.

ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். மணிக்கு 500 லிட்டர் ஆர்.ஓ. எந்திரம் (மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை வடிகட்டுவது), சின்னக் கட்டடம், காசு போட்டால் தண்ணீர் கொட்டும் பெட்டி எல்லாம் சேர்த்து 4 லட்சத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார். 20 லிட்டர் 5 ரூபாய். இடம் தரப் பஞ்சாயத்தும் தயார். இறங்கலாமா? இந்தத் துறையில் இருந்தவர்கள், தங்கள் ஊரில் போட்டுப் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க நினைக்கிறோம்.

பனங்காடு (இராமநாதபுரம்):

தம்பி, அவசரப்படாதீர்கள். எங்கள் பக்கம் சிக்கல் ஃபுளோரைடு இல்லை, உப்பு. எங்கள் ஊரிலும் இதேபோல வெளியூரில் இருப்பவர்கள் காசு போட்டு ஆர்.ஓ. வைத்தார்கள். திறப்பு விழாவுக்குப் பந்தலெல்லாம் போட்டு நடந்தது. முதல் வருடம் அருமையான தண்ணீர். அப்புறம் மெம்ப்ரேன், அதாவது வடிகட்டும் சவ்வு, அடைத்துக்கொண்டது. மாற்ற வேண்டிய செலவு யாருடையது என்று பேச்சு வந்தபோது காசு போட்டவர்களில் பாதிப்பேர் போனை எடுக்கவில்லை. இப்போது அந்த அறையில் பஞ்சாயத்தின் பழைய சாமான் கிடக்கிறது. எந்திரம் நல்ல எந்திரம்தான். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நீரேற்று (ஈரோடு):

குடிநீர்த் திட்டப் பணிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க 8 முதல் 10 லிட்டர் வேண்டும். வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்திலும் ஃபுளோரைடு, ஆர்சனிக் ஊர்களுக்கு இடைக்கால ஏற்பாடாக இந்த அளவைத்தான் வைத்திருக்கிறார்கள். 1,200 பேருக்கு 10,000 முதல் 12,000 லிட்டர். உங்கள் எந்திரம் மணிக்கு 500 லிட்டர் என்றால் கரண்ட் நிற்காமல் 20 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். நடக்காது. வீட்டுக்கு ஒரு கேன், அதாவது 20 லிட்டர் என்று சுருக்கினாலும் 6,000 லிட்டர், 12 மணி நேர ஓட்டம்.

இரண்டாவது, கழிவுத் தண்ணீர். கிராமத்து ஆர்.ஓ.வில் உள்ளே போகிற தண்ணீரில் பாதியாவது கழிவாக வெளியே வரும், பல இடங்களில் பாதிக்கும் மேல். உள்ளே 3.2 போனால் கழிவில் ஏறக்குறைய 6 இருக்கும். அது எங்கே போகும்? சாக்கடைக்கு, அங்கிருந்து மண்ணுக்கு, திரும்பவும் அதே போருக்கு. கம்பெனிக்காரரிடம் இதைக் கேட்டீர்களா?

மூன்றாவது, உங்கள் நிலத்தின் கதை. தருமபுரி, கிருஷ்ணகிரி முழுக்க கிரானைட், நைஸ் பாறை. அந்தப் பாறைக் கனிமங்களில் இருக்கும் ஃபுளோரைடு, தண்ணீரோடு வருடக்கணக்கில் கிடந்து கரைந்து வருகிறது. கால்சியம் குறைவாகவும் பைகார்பனேட் அதிகமாகவும் இருக்கும் தண்ணீர் இன்னும் வேகமாகக் கரைக்கும். இது தொழிற்சாலைக் கழிவு இல்லை, ஆலையை மூடினால் சரியாகிவிடுவதற்கு. ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் வியாதி, ஃபுளோரோசிஸ், நம் பக்கம் புதிதும் இல்லை. 1937லேயே சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எலும்பு வளைந்து போனவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதனால்தான் ஒகேனக்கல் திட்டமே வந்தது. 2008இல் அடிக்கல், 2013இல் தொடக்கம், ஜப்பான் கடனோடு சுமார் 1,900 கோடி ரூபாய். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கும். ஆற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு குறைவு, அதைக் கொண்டுவந்து பாறைத் தண்ணீருக்குப் பதிலாகக் கொடுப்பது என்பதுதான் யோசனை.

ஆக என் கேள்வி: ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் அந்தக் காவிரித் தண்ணீர் உங்கள் ஊரில் எங்கே போகிறது? எவ்வளவு வருகிறது? எதில் விழுகிறது? அதற்குப் பதில் தெரியாமல் எந்திரம் வாங்காதீர்கள்.

தமிழ்மாறன் (சென்னை):

நீரேற்று ஐயா சொல்வது சரி. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. குடிதண்ணீர் தருவது அரசின் கடமை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கும் பையன்கள் ஏன் சம்பளத்திலிருந்து காசு போட வேண்டும்? 2019 ஆகஸ்ட் 15இல் ஜல் ஜீவன் அறிவித்தபோது ஆளுக்கு 55 லிட்டர், தரமான தண்ணீர், வீட்டுக் குழாயில் என்றார்கள். 2024க்குள் முடிப்பதாக இருந்தது, இப்போது 2028 வரை நீட்டியிருக்கிறார்கள். ‘தரமான’ என்ற சொல் அந்த வாக்குறுதியில் இருக்கிறது. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், தகவல் உரிமையில் பரிசோதனை முடிவுகளைக் கேளுங்கள். நீங்களே காசு போட்டுச் செய்துவிட்டால் ‘அந்த ஊருக்குத்தான் ஆர்.ஓ. இருக்கிறதே’ என்று ஒதுக்கிவிடுவார்கள்.

மணிமொழி டீச்சர் (தருமபுரி):

தமிழ்மாறன் அவர்களே, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் 2028 வரை காத்திருக்க முடியாது. நிரந்தரப் பல்லின் எனாமல் உருவாவது சுமார் எட்டு வயதுக்குள். அந்த வருடங்களில் குடித்த தண்ணீர் பல்லில் எழுதிவிட்டுப் போய்விடும், பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் கொடுத்தாலும் அழியாது. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பெண்கள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார்கள். முன்பல்லில் குறுக்கே பழுப்புக் கோடு. சில பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு. போட்டோ எடுக்கும் நாளில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கும்.

பெரியவர்களுக்கு வருவது எலும்பில். எங்கள் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு மூன்று அசைவுகளைச் செய்யச் சொன்னார்கள்: முழங்கால் மடங்காமல் குனிந்து கால்விரலைத் தொடுவது, தாடையால் நெஞ்சைத் தொடுவது, இரண்டு கையையும் மடக்கிப் பின்தலையில் வைப்பது. ஐம்பது வயதுகூட ஆகாத அம்மாக்கள் சிலரால் இரண்டாவதைச் செய்ய முடியவில்லை.

இன்னொரு விஷயம். தொப்பூரான் தம்பிக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் கேன் தண்ணீர் வாங்கும் வீடுகள் நிறைய. ஆனால் அதைக் குடிக்க மட்டும்தான் வைத்துக்கொள்வார்கள். களி கிண்டுவதும் சோறு வடிப்பதும் போர்த் தண்ணீரில்தான். கேழ்வரகு மாவு எத்தனை தண்ணீர் குடிக்கிறது என்று களி கிண்டியவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு முழுக்க உருண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று வேறு நம்புகிறார்கள். கிருமிதான் சாகும். தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற ஃபுளோரைடு கெட்டியாகத்தான் ஆகும். எனவே 20 லிட்டர் கேனுக்கு 5 ரூபாய் என்று வைத்தால், மாதம் 150 ரூபாய் கொடுக்க முடிகிற வீட்டில்கூட அது சமையலுக்கு வராது. கொடுக்க முடியாத வீட்டுக்குச் சுத்தமாகப் போகாது.

கேழ்வரகைக் குறை சொல்லவில்லை. அதில் இருக்கும் கால்சியம் நல்லது, பாலும் கீரையும் கூடச் சேர்ந்தால் இன்னும் நல்லது. தண்ணீரை மாற்றினால் போதும்.

தொப்பூரான் (ஓசூர்):

டீச்சர், எங்கள் அம்மா வீட்டில் அப்படியேதான். கேன் கூடத்தில் இருக்கும், அடுப்படியில் குழாய்த் தண்ணீர்.

நீரேற்று ஐயா, இந்த ஞாயிறு ஊருக்குப் போகிறேன். எங்கெங்கே தண்ணீர் பிடித்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

நீரேற்று (ஈரோடு):

நான்கு இடம். கூட்டுக்குடிநீர் வந்து விழும் சம்ப்பு, அதாவது தரைமட்டத் தொட்டி. போர் மோட்டாரின் வாய். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாய். ஊரின் கடைசி வீட்டுக் குழாய். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர். ஃபுளோரைடு பார்க்கக் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. பிடிக்கும் தண்ணீராலேயே இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். பாட்டில்மேல் இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் இருக்கிறது, பொதுமக்களும் கொடுக்கலாம், கட்டணம் குறைவு. பஞ்சாயத்தில் பரிசோதனைப் பெட்டி இருந்தால் அங்கேயே ஒரு தடவை பாருங்கள். சொட்டு மருந்து விட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாக நின்றால் ஃபுளோரைடு குறைவு, மஞ்சளுக்குப் போகப் போக அதிகம். அந்தப் பெட்டியை இயக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊரில் யார் அந்த ஐவர் என்று விசாரியுங்கள்.

கிருமி பார்க்க வேண்டுமென்றால் அது தனிப் பாட்டில். ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் தருவார்கள், பிடித்த அன்றே ஐஸ் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

நடுகைக்காரி (வவுனியா):

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குப் பக்கத்து வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியாப் பக்கம், காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் 1990களில் இருந்து சனத்தை வாட்டுகிறது. அங்கே குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடும் கடினத்தன்மையும் கூட. கடற்படை உட்படப் பல தரப்பும் ஆர்.ஓ. நிலையங்கள் நிறையப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்த்த அளவில், ஊர்ச் சங்கம் கணக்கு வைத்து, மெம்பிரேன் மாற்றவென்று மாதாமாதம் காசை வங்கியில் போடுகிற இடங்களில் அது ஓடுகிறது. சங்கம் இல்லாத இடத்தில் நின்றுபோகிறது. ஆர்.ஓ. கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்று நீர் வர வழியே இல்லாத ஊருக்கு அது உயிர். உங்களுக்குக் காவிரி வருகிறதென்றால் அதை முதலில் பாருங்கோ.

கூரைநீர் (கோயம்புத்தூர்):

மழைநீரை யாருமே சொல்லவில்லையே? மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு இல்லை என்றே சொல்லலாம். தருமபுரியில் வருடத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 20 சதுர மீட்டர் கான்கிரீட் கூரை இருந்தாலே, சேதாரம் போக, வருடத்துக்கு 12,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். ஐந்து பேர் குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 40 லிட்டர் என்றால்கூடப் பத்து மாதம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மூடிய தொட்டியில் சேர்த்தால் போதும்.

மணிமொழி டீச்சர் (தருமபுரி):

12,000 லிட்டரைச் சேர்த்துவைக்கிற தொட்டி யார் வீட்டில் இருக்கிறது சார்? ஓட்டு வீடும் தகரமும்தான் பாதி. பள்ளிக்கூடத்துக்கு நல்ல யோசனை, கூரை பெரியது, மதிய உணவு அங்கேதான் சமைக்கிறார்கள். அதற்கு நானே முயற்சி செய்கிறேன். வீடுகளுக்கு ஒத்துவராது.

தொப்பூரான் (ஓசூர்):

முடிவுகள் வந்துவிட்டன. சம்ப்பில் 0.4. போரில் 3.2. மேல்தொட்டியில் 1.8. கடைசி வீட்டுக் குழாயில் 2.3.

சம்ப்பு 30,000 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் நிரம்புகிறது. அதைத் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள், அதே தொட்டியில் போர்த் தண்ணீரும் விழுகிறது. இரண்டும் கலந்துதான் வீடுகளுக்குப் போகிறது. கேட்டால், ‘ஆற்றுத் தண்ணீர் மட்டும் விட்டால் ஊருக்குப் பத்தாது, சண்டை வரும்’ என்கிறார்கள்.

நீரேற்று (ஈரோடு):

தம்பி, உங்கள் பதில் அந்த எண்களிலேயே இருக்கிறது.

30,000 இரண்டு நாளுக்கு என்றால் நாளைக்கு 15,000 லிட்டர். ஊர் குடிக்கவும் சமைக்கவும் தேவை 12,000. நல்ல தண்ணீர் ஏற்கெனவே போதுமான அளவு ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது! குளிக்க, துவைக்க, மாட்டுக்கு என்று வேண்டிய மிச்சத்துக்காகப் போரைக் கலந்ததும் மொத்தமும் கெட்டுவிடுகிறது. சம்ப்பில் 0.4, போரில் 3.2 என்றால், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போர்த் தண்ணீர் சேர்ந்தாலே 1ஐத் தாண்டிவிடும். பாதிக்குப் பாதி கலந்தால் 1.8. உங்கள் தொட்டியில் அதுதான் வந்திருக்கிறது. கடைசி வீட்டில் 2.3 ஏன் என்றால், அங்கே தண்ணீர் எட்டுவதே போர் ஓடுகிற நேரத்தில்தானாக இருக்கும்.

ஆர்.ஓ. தேவையில்லை. இரண்டு தண்ணீரையும் பிரிக்க வேண்டும். மூன்று தெருமுனைகளில் சின்டெக்ஸ் தொட்டி வைத்து அதில் காவிரி மட்டும். வீட்டுக் குழாயில் போர். 4 லட்சம் தாராளம்.

மணிமொழி டீச்சர் (தருமபுரி):

ஐயா, பிரிப்பது சரி. ஆனால் தெருமுனைத் தொட்டி என்றால் மறுபடி பெண்கள் குடம் தூக்க வேண்டும். வீட்டுக்கு வீடு குழாய் வந்ததே அந்தப் பாரம் இறங்கத்தான். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று தூக்கித் தேய்ந்த முதுகுக்கு ஃபுளோரைடும் சேர்ந்துதான் இப்படி ஆகியிருக்கிறது. கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், தனியாக இருக்கும் கிழவிகள் இருக்கிறார்கள். தெருமுனைக்கு வர முடியாதவர் வீட்டுக் குழாயில் வருவதைத்தான் குடிப்பார், அதுவோ போர்.

குழாயடி (பாப்பிரெட்டிப்பட்டி):

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அப்பா டேங்க் ஆபரேட்டர். வேறு ஊர், ஆனால் இதே கலவைதான் அங்கேயும் இருந்தது. அவர் செய்ததைச் சொல்கிறேன்.

ஒரே தொட்டி, ஒரே குழாய். நேரத்தைப் பிரித்தார். சாயங்காலம் போர்த் தண்ணீர் விடுவார். தொட்டி காலியாகும் வரை விட்டுவிடுவார், அதாவது குளிக்க, துவைக்க, மாட்டுக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும் நேரம். தொட்டி வடிந்ததும் போர் மோட்டாரை நிறுத்திவிட்டு இரவில் சம்ப்பு மோட்டாரைப் போடுவார். ஆற்றுத் தண்ணீர் மட்டும் ஏறும். காலை ஐந்தரைக்கு வால்வு திறந்தால் ஒரு மணி நேரத்துக்கு வீட்டுக் குழாயிலேயே காவிரி. குடிக்க, சமைக்க அப்போது பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் குழாய்க்குள் தங்கிய பழைய தண்ணீர் வரும், அதைப் பாத்திரம் கழுவ எடுத்துக்கொள்ளச் சொல்வார். கோயில் மைக்கில் ‘நல்ல தண்ணீர் விட்டாச்சு’ என்று அறிவிப்பும் உண்டு.

குளோரின் போடுவதும் அப்போதுதான். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 15,000 லிட்டருக்கு 60 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்ட மாட்டார். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். அந்த இரும்பு ஏணியில் ஒரு கையில் வாளியோடு ஏறுவதை நான் கீழே நின்று பார்ப்பேன். மாதம் இருமுறை தொட்டியைக் கழுவி, கழுவிய தேதியைச் சுவரில் எழுதுவார். காலையில் கடைசி வீட்டுக் குழாயில் சின்ன டியூபில் பிடித்து இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பார். மஞ்சள் வந்தால் குளோரின் அங்கு வரை போயிருக்கிறது, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். மஞ்சள் வராவிட்டால் மறுநாள் அளவைத் திருத்துவார்.

இத்தனைக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்த சம்பளம் கட்டட வேலைக்குப் போனால் ஒரே வாரத்தில் வந்துவிடும். அதுவும் சில மாதம் தாமதமாக வரும். இந்த இழையில் எந்திரத்தின் விலை பேசுகிறோம், தெருவுக்கு எத்தனை தொட்டி என்று பேசுகிறோம். தினமும் அதிகாலையில் எழுந்து வால்வைத் திருப்பப் போகிறவர் யார், அவருக்கு என்ன கொடுக்கிறோம் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

பனங்காடு (இராமநாதபுரம்):

தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் ஊர் ஆர்.ஓ. அறை பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான், நீங்கள் எழுதிய கடைசி வரி.

நீரேற்று (ஈரோடு):

குழாயடி சொன்ன முறை என் சின்டெக்ஸ் யோசனையைவிட நல்லது. டீச்சர் சொன்ன பாரமும் வராது. சில நிபந்தனைகள் மட்டும் சேர்க்கிறேன்.

தொட்டியை முழுதாக வடிக்க வேண்டும். அடியில் ஓர் அடி போர்த் தண்ணீர் நின்றால் அதற்கேற்ப ஃபுளோரைடு ஏறும். ஒவ்வொரு தெருவுக்கும் தனி வால்வு இருக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டிக்குப் பக்கத்து வீடுகளே எல்லாவற்றையும் பிடித்துவிடும். அப்புறம், வீட்டுக் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவர்களை நிறுத்தியே ஆக வேண்டும். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் போகாதது மட்டும் அல்ல விஷயம். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறையும், எங்கே ஜாயின்ட் விட்டிருக்கிறதோ அங்கே சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும். நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து வயிற்றுப்போக்கை ஊருக்குக் கொடுத்ததாக ஆகிவிடும்.

ஒரே குழாயில் இரண்டு தண்ணீர் என்பதால் யாருக்கும் குழப்பம் வரக் கூடாது. வங்கதேசத்தில் 1970களில் கிருமிக்குப் பயந்து குளத்து நீரை விட்டு அடிகுழாய்க்கு மாற்றினார்கள், 1993இல் பார்த்தால் அதில் ஆர்சனிக். பிறகு பரிசோதித்து, கெட்டதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று குழாய்த் தலையில் வண்ணம் அடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்தது. உங்களுக்கு நேரம்தான் அடையாளம், அதனால் மைக் அறிவிப்பு ஒருநாளும் தவறக் கூடாது.

குழாயடி (பாப்பிரெட்டிப்பட்டி):

தெரு வால்வு பற்றி ஒன்று. எந்தத் தெருவுக்கு முதலில் திறப்பது என்பதை இப்போதே ஊர்க்கூட்டத்தில் பேசி எழுதிவிடுங்கள். எங்கள் ஊரில் காலனித் தெருதான் கடைசி, பள்ளத்தில் இருந்தும் அங்கே கடைசியாகத்தான் தண்ணீர் போகும். மேட்டுத் தெரு பிடித்து முடித்தபின் வடிகிறதுதான் வரும். அப்பா காலனித் தெருவுக்கு முதலில் திறக்க ஆரம்பித்தபோது அவரை வேலையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். நாங்கள் காலனிக்காரர்கள் என்பதால் ‘சொந்தக்காரனுக்கு விடுகிறான்’ என்றார்கள். தீர்மானத்தில் எழுதியிருந்தால் அவர் மேல் பழி வந்திருக்காது.

தொப்பூரான் (ஓசூர்):

எங்கள் ஊரிலும் 2.3 வந்த அந்தக் கடைசி வீடு காலனியில்தான் இருக்கிறது. சொல்லாமல் விட விரும்பவில்லை.

தமிழ்மாறன் (சென்னை):

அப்படியானால் அந்த நான்கு எண்களையும் ஆய்வக அறிக்கையோடு கிராம சபையில் வையுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்றைக்குத் தமிழ்நாட்டில் கிராம சபை உண்டு. மூன்று தீர்மானம்: காலையில் கூட்டுக்குடிநீர் மட்டும், போர் கலக்கக் கூடாது. தெரு முறை, கடைசித் தெருவில் தொடங்கி. தினமும் கூட்டுக்குடிநீர் கேட்டுக் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கோரிக்கை. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் காசு போட்டாலும் போடாவிட்டாலும் அது அவர்கள் தர வேண்டியது.

தொப்பூரான் (ஓசூர்):

எல்லோருக்கும் நன்றி. பையன்களோடு நேற்று இரவு போனில் பேசினோம். கம்பெனிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

தெரு வால்வுகளும் அதற்கான பொருத்து வேலையும், போர்க் குழாயைத் தொட்டியிலிருந்து தனியாக அடைக்கும் வால்வு, தொட்டி ஏணிக்குக் கைப்பிடி, பரிசோதனைப் பெட்டிக்கு மருந்து. பிளம்பர் சொன்ன கணக்கில் இதெல்லாம் சேர்ந்து ஒன்றேகால் லட்சத்துக்குள் வருகிறது. மிச்சத்தை வங்கியில் பஞ்சாயத்துக் குடிநீர்க் குழுவின் பெயரில் போட்டு, ஆபரேட்டருக்கு மாதாமாதம் பஞ்சாயத்துச் சம்பளத்தோடு கூடுதலாக ஒரு தொகை. எங்கள் ஊர் ஆபரேட்டர் அண்ணனிடம் பேசினேன். ராத்திரி மோட்டார் போட வருவது பிரச்சினை இல்லை, மழைக் காலத்தில் ஏணி வழுக்குவதுதான் பயம் என்றார். அதனால்தான் கைப்பிடியைச் சேர்த்தோம்.

டீச்சர், மைக் அறிவிப்போடு ‘சமைக்கவும் இதையே பிடியுங்கள்’ என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா இப்போதே தனியாக ஒரு பானை வைத்துவிட்டார்.

மணிமொழி டீச்சர் (தருமபுரி):

ரொம்ப சந்தோஷம் தம்பி. பயிற்சி பெற்ற ஐந்து பெண்களில் இருவர் என் பழைய மாணவிகள். பெட்டியை அவர்கள் கையில் கொடுங்கள். மாதம் ஒருமுறை நான்கு இடத்திலும் பார்த்து முடிவைப் பள்ளிச் சுவரில் எழுத இடம் நான் தருகிறேன்.

நீரேற்று (ஈரோடு):

ஒன்றைச் சேருங்கள். சம்ப்புக்கு வரும் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர். கூட்டுக்குடிநீர் எந்த நாள் எவ்வளவு வந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் அளவு குறையும், அப்போது ‘குறைகிறது’ என்று வாயால் சொன்னால் எடுபடாது, நோட்டைக் காட்டினால் எடுபடும். அந்த அளவு 12,000க்குக் கீழே போகும் நாளில் என்ன செய்வது என்றும் இப்போதே பேசி வையுங்கள். என் யோசனை, வீட்டில் எத்தனை பேரோ அதற்குத் தகுந்த அளவு என்று கணக்கு வைத்து நேரத்தைக் குறைப்பது. அன்றைக்கும் போரைக் கலக்க மட்டும் விடாதீர்கள்.

தொப்பூரான் (ஓசூர்):

சரி ஐயா. மீட்டரில் எத்தனை அங்குலம் வாங்க வேண்டும்? சம்ப்புக்கு வருவது மூன்று அங்குலக் குழாய்.

நீரேற்று (ஈரோடு):

குழாய் மூன்று என்பதற்காக மீட்டரும் மூன்று வாங்காதீர்கள். சம்ப்பு நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள், ஓட்டத்துக்குத் தகுந்த அளவை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். வாங்குவதற்கு முன் வாரியத்தின் உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், அவர்கள் குழாயில் கை வைப்பதால் அனுமதி வேண்டும்.